பச்சை விளக்குப் பெட்டி

எங்கள் தோட்டத்து பெக்டரியில், தூள் சலிக்கும் அறைக்கு வெளியே, மணல் வாளிகள் தொங்கும் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அதை எப்போதும் தயாராக வைத்திருப்பது என் பொறுப்பு. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். ஆனால் தோட்டத்து டொக்டர் மாற்றலாகிப் போய், அந்த நாற்காலிக்கு ஆள் வராமலேயே காலம் ஓடியது. தலைவலிக்கும் நான்தான், அட்டைக்கடிக்கும் நான்தான், கடைசியில் இந்தப் பெட்டிக்கும் நான்தான் என்றாகிவிட்டது. இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது எங்கள் தோட்டத்துக்குப் புதிதல்ல.

பெட்டி வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டு அம்மா ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். உடப்புசல்லாவைப் பக்கத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கே யாருக்காவது மாரடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்பது. எங்கள் தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்கு அனுப்புவோம் என்றார். எவ்வளவு நேரமாகும் என்று அந்த அம்மா கேட்டார். அது மழையைப் பொறுத்தது என்றார் தொரை. அந்த அம்மாவின் கணவர் ஒரு விமான நிலையத்தில் விழுந்தபோது இப்படியொரு பெட்டிதான் அவரை மீட்டதாம். ஊருக்குத் திரும்பியதும் ஒன்றை எங்களுக்கு அனுப்பிவைத்தார்.

லொறியில் போவது என்னவென்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் என் அப்பாவை அப்படித்தான் கொண்டுபோனோம். கொழுந்து ஏற்றும் லொறி, கீழே சாக்கு, அவர் தலை என் மடியில். கந்தப்பளைக்கு முன்னால் வருகிற வளைவில் அவர் நெஞ்சைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதனால் பெட்டி வந்த நாளில் ஊரே அதைப் பார்த்துச் சிரித்துக் கிண்டலடித்தபோது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, கொழுந்து வாட்டும் மேல்மாடியில் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரப்பரில் செய்த ஒரு மனிதன், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. "இவருக்குப் பேர் போட்டிருக்கா, அரைநாள் பேரா?" என்று ஒரு பையன் கேட்க, மாடி அதிர்ந்தது. பேர் போடுவது என்றால் எங்கள் ஊரில் அன்றைய நாள் சம்பளத்தைப் பதிவது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் விஷயம் புரிந்தது. ஒருவர் மூச்சுப்பேச்சின்றி விழுந்தால் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் அதுவே இங்கிலீஷில் பேசும். உள்ளே ஒரு பாக்கெட்டில் இரண்டு பெரிய பிளாஸ்டர் இருக்கும். அவற்றை வெற்று மார்பில் ஒட்டினால், இதயம் தாறுமாறாகத் துடிக்கிறதா என்று பெட்டி பார்த்து, தேவைப்பட்டால் மின்சாரம் பாய்ச்சும். அந்தப் பிளாஸ்டரில் ஈரப் பசை இருக்கிறது, ஆபத்து நேரத்தில் தவிர பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் காய்ந்துபோகும் என்று அவர் அழுத்திச் சொன்னார். அதை அவர் சொன்னபோது பாதிப்பேர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள்.

பெட்டியின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது எரிந்தால் பெட்டி நலம். தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து சனம் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், நான் பெக்டரிக்கு ஏறிப் போய் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்பென்சரியைத் திறப்பேன். பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று தொரை சொன்னார். நான் ஒற்றைக் காலில் நின்று மறுத்தேன். சாவி தேடுகிற நேரத்தில் உயிர் போய்விடும் என்றேன். அது ஒன்றில்தான் என் பேச்சு எடுபட்டது.

இதெல்லாம் என் அண்ணனுக்காகவும்தான் என்பதை மறைப்பானேன். அப்பாவின் இதயம்தான் அண்ணனுக்கும். முன்பே ஒரு தடவை வலி வந்து, நுவரெலியாவில் படுத்து, கண்டிக்கு அனுப்பப்பட்டு, நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசையோடு திரும்பி வந்தவர். தேயிலை காயவைக்கும் அடுப்படி வேலையை விட்டு அவரைச் சலிக்கிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். பெட்டிக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதவு மட்டும்தான். அந்தக் கதவை நினைத்துத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணன் பெக்டரியில் இன்னொரு காரியத்துக்குத் தலைவர். ஆயுத பூசை அவர் கையில்தான். அன்றைக்கு மெசின்கள் நிற்கும். அரைக்கிற ரோலரில் வாழைமரம் கட்டுவார்கள். லொறிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம், எந்த ஆயுதத்தையும் மூடிவைத்துப் பூசை செய்வதில்லை. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை உறையிலிருந்து உருவ வேண்டும். ஆபீசுத் தட்டெழுத்து மெசினின் சட்டையைக் கழற்ற வேண்டும். உறையோடு வைத்தால் சாமி உறைக்குத்தான் அருள் கொடுக்கும் என்பது அண்ணனின் வாதம். நானும் வருஷாவருஷம் கத்தரிக்கோலைத் துணியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தவள்தான். பூசை முடிந்ததும் அவித்து எடுத்துவிடுவேன்.

பெட்டி வந்த வருஷம் பூசையன்று ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, நான் அவளோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி நேரே பெக்டரிக்குப் போனேன். சாம்பிராணிப் புகையும் பொரிகடலையுமாக எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"தங்கச்சி, ஒன் பொட்டிய மறந்துருவோம்னு நெனச்சியா? அதுக்குத்தான் மொதப் பூச."

பெட்டி திறந்திருந்தது. சுற்றிச் செவ்வந்தி மாலை. அதன் முன்னால் வாழையிலையில், பாக்கெட் ஒரு பக்கம் நேர்த்தியாக வெட்டப்பட்டு, இரண்டு பிளாஸ்டரும் வெளியே எடுக்கப்பட்டு, மேல்தாள் உரிக்கப்பட்டு, பசையின் மேல் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும். எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்ட பாக்கெட்டில் ஒரு மனிதப் படம் போட்டிருக்கும். அவன் நெற்றியிலும் ஒரு பொட்டு. பக்கத்தில் அண்ணி, சந்தனக் கிண்ணமும் கவ்வாத்துக் கத்தியுமாக நின்றாள். சந்தனம் அரைப்பதும் பொட்டு வைப்பதும் அவள் வேலை. சுத்தமான கை என்று எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"யாரு இத வெட்டுனது?" என்று நான் கத்திய கத்தில் பொரிகடலை தின்றவர்கள் வாயை மூடினார்கள்.

"நாந்தான்," என்றாள் அண்ணி. "கிழிச்சிறக் கூடாதுன்னு மெதுவாத்தான் வெட்டுனேன். ஏன், என்னா?"

அண்ணன் சட்டென்று இடையில் வந்தார். "நாந்தான் வெட்டச் சொன்னேன். பச்ச லைட்டு எரியுதே, பாரு."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அது பெட்டிக்குள் இருக்கிற பாட்டரியைப் பார்க்கிற விளக்கு. பாக்கெட் தனியே கிடப்பது. அது காய்ந்தாலும் கரிந்தாலும் விளக்குக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். தேயிலைத் தூசு அப்பிய அந்த ஜன்னலோரத்தில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முகம் சுண்டிப்போனது.

"சரி, புதுசு ஒண்ணு வாங்கிப்போடு," என்றார். "அவகிட்ட மட்டும் சொல்லாத. எனக்குன்னு வச்ச சாமானத் தன் கையாலக் கெடுத்துட்டோம்னு தெரிஞ்சா, அவ இனி தூங்கமாட்டா. சும்மாவே நான் மூச்சு விடுறேனான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறவ."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் உள்ளே போய், "ஒண்ணுமில்லண்ணி, அலைச்சல்ல கத்திட்டேன்," என்றேன். அவள் உடனே நம்பி, எனக்கென்று எடுத்துவைத்த சுண்டலைக் கொடுத்தாள்.

புதிது வாங்கிப்போடு. சொல்வது சுலபம். அது கந்தப்பளைக் கடையில் கேட்டு வாங்குகிற டோர்ச் பாட்டரியா? முதலில் தொரையிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்களால் எனக்கு நேர்ந்த தொல்லைகள் கொஞ்சநஞ்சமல்ல. கொழும்பில் கேட்கிறேன் என்றார். கேட்டார். பயிற்சி கொடுத்தவர், அந்த மாடலுக்கு இங்கே சாமான் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கொடுத்தவர்களிடமே கேளுங்கள் என்றாராம். அப்படியானால் அந்த அம்மாவுக்கு எழுதுங்களேன் என்றேன். தொரை பேனாவை மூடினார். ஆசையாகக் கொடுத்த பொருளைப் பூசை போட்டுப் பாழாக்கிவிட்டோம் என்று எப்படி எழுதுவது, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பழசாகிவிட்டது என்று எழுதுங்கள் என்றேன். பொய் எழுதமாட்டேன் என்றார். உண்மையும் எழுதமாட்டார், பொய்யும் எழுதமாட்டார். ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். என் வேண்டுதல் கிணற்றில் போட்ட கல்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளோடு போகும்போது அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரைக் கேட்டேன். கைப்பையில் கொண்டுபோன பிளாஸ்டரை அவர் விரலால் தடவிப் பார்த்தார். நான் சந்தனத்தைத் துடைத்து, மேல்தாளைத் திரும்ப ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வைத்திருந்தேன். அப்படியும் பசை அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

"இது சரிவராது, தங்கச்சி," என்றார். "எங்கட மெசினின்ர பேட் உங்கட பெட்டிக்குப் பொருந்தாது. பேட் இல்லாட்டி அது வெறும் பெட்டிதான்."

"அப்ப நாங்க என்னா செய்யிறது, டொக்டர்?"

"நெஞ்சை அமத்துங்கோ. வாகனம் வருமட்டும் அமத்துங்கோ. எது இல்லாட்டிலும் கையை விடாதேங்கோ."

நான் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். கை மட்டும் போதுமென்றால் அந்த அம்மா எதற்குப் பெட்டி அனுப்பினார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வந்த கையோடு பிளாஸ்டரைத் திரும்பப் பெட்டியில் வைத்து, ஓர் அட்டையில் 'வேலை செய்யாது' என்று எழுதிப் பெட்டியில் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் அட்டையைக் காணோம். தொரையின் வேலை என்று நினைத்து வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினேன். சலிக்கும் அறைக் கதவருகே அண்ணன் நின்றார்.

"நாந்தான் கழட்டுனேன். அவ கொழுந்து நிறுக்க வர்றப்ப இந்தப் பக்கம் வருவா. எழுத்துக்கூட்டி வாசிச்சிருவா."

"வாசிக்கட்டுமே! உங்க உசுரு பெருசா, அவங்க தூக்கம் பெருசா?"

அண்ணன் மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "எனக்கா? அவ தூக்கந்தான் பெருசு."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, நாலு வைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் இறங்கி வந்தேன். அதற்குப் பிறகும் தினமும் காலையில் ஏறிப் போனேன். பச்சை விளக்கு எரியும். வெள்ளிக்கிழமைகளில் யாராவது கைப்பிடியில் ஒரு செம்பருத்தி செருகியிருப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தொரை பெட்டியைக் காட்டிப் பெருமையாக விளக்குவார். அண்ணி அந்தப் பக்கம் போகும்போது விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவளுக்கும் அந்தப் பச்சைதான் நிம்மதி. எனக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கும்.

மழை மாதம் வந்தது. ஒருநாள் காலைத் தேத்தண்ணி நேரம், டிஸ்பென்சரி வாசலில் ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். அவன் வாயைத் திறக்குமுன்பே நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

அண்ணன் சலிக்கும் அறைக்கு வெளியே மல்லாந்து கிடந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவன், அரைநாள் பேரா என்று கேட்டுச் சிரித்த அதே பையன், சொல்லிக்கொடுத்தபடியே நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். பெட்டியையும் இறக்கித் திறந்துவைத்திருந்தார்கள். எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. அது பேசிக்கொண்டிருந்தது. பொறுமையான ஒரு பெண் குரல், கோபமே இல்லாத குரல்.

"ஒட்டுங்க, நர்ஸம்மா," என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஒட்டினேன். நடந்துவிடாதா ஓர் அதிசயம் என்று ஒட்டினேன். காய்ந்த பிளாஸ்டர் அண்ணனின் மார்பிலிருந்து வழுக்கி விழுந்தது. எடுத்து வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. தண்ணீரைத் தொட்டுத் தடவினேன், மறுபடி அழுத்தினேன். பிளாஸ்டரை வெற்று மார்பில் ஒட்டுங்கள் என்றது பெட்டி. மறுபடியும் அதையே சொன்னது. அதற்கு அந்த ஒரு வரிதான் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அது விளங்கியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் மந்திரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அண்ணி மலையிலிருந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, நனைந்துபோய் ஓடிவந்தாள். அவள் கத்தவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பச்சை எரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. அதை நான் பார்த்தேன், அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. உட்கார்ந்து அண்ணனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது," என்று என்னிடம் சொன்னாள். "அதான் பொட்டி இருக்கே."

நான் பிளாஸ்டரைப் போட்டுவிட்டு, பையனை விலக்கி நெஞ்சை அமுக்கத் தொடங்கினேன். நானும் பையனும் மாறி மாறி அமுக்கினோம். லொறி வந்தது. அண்ணனைச் சாக்கின் மேல் கிடத்தினோம். யாரோ பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அது வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. நிறுத்தக்கூட எனக்குக் கை ஒழியவில்லை. குலுங்கலில் நான் விழுந்து எழுந்து அமுக்கினேன். கந்தப்பளைக்கு முன்னால் அந்த வளைவு வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த டொக்டர்தான் என் தோளைத் தொட்டு, "காணும், தங்கச்சி, போதும்," என்றார்.

ஒட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அந்த டொக்டரிடம் கேட்டேன். சிலவேளை, என்றார். சிலவேளை என்ற அந்தச் சொல்லோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று ஒரு டொக்டரும் சொல்லித்தருவதில்லை.

கருமாதிக்கு முன்பே தொரை அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டார். அண்ணன் செத்த பிறகு அவருக்குக் கூச்சம் போய்விட்டது. புதுப் பிளாஸ்டர் வந்து சேர்ந்தது, ஒன்றுக்கு இரண்டாக. அவர் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தபோது கண் கலங்கியிருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். திட்ட வேண்டுமென்று எத்தனையோ சேர்த்துவைத்திருந்தேன். பாக்கெட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, அதே சுவரில் மாட்டினேன்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, லயத்து வீட்டில் நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"அந்தப் பொட்டி ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு வந்திச்சே, லொறியிலயும் சொல்லிச்சே. இங்கிலீசுல என்னா சொல்லிச்சு?"

அவள் என் வாயையே பார்த்தாள். அந்தக் கவ்வாத்துக் கத்தி அவள் தலைக்கு மேலே, கூரைச் சட்டத்தில் செருகியிருந்தது.

"கைய விடாதீங்கன்னு சொல்லிச்சுண்ணி," என்றேன்.

அண்ணி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"நான் விடலியே," என்றாள்.

"இல்லண்ணி, நீங்க விடல."